மாப்பிள்ளை அறையின் கதகதப்பு

கடுங்குளிரில் ஹீட்டர் படுத்துக்கொண்டதும், கரண்டையெல்லாம் எது தின்கிறது என்ற மாமனாரின் சந்தேகம் நேராக மாப்பிள்ளையின் கம்ப்யூட்டர்மேல் பாய்ந்தது. இனிமேல்தான் கட்டப்போகிற கட்டடங்களை நிஜம்போலப் படமாக்கித் தருவது மாப்பிள்ளையின் தொழில். இல்லாத கட்டடத்துக்குப் படம் என்ன வேண்டிக்கிடக்கிறது என்று மாமனாருக்கு ஆரம்பத்திலிருந்தே கடுப்பு. பிளக்கில் மாட்டினால் எத்தனை வாட் ஓடுகிறது என்று காட்டும் மீட்டர் ஒன்றை வாங்கிவந்து, கையும் களவுமாகப் பிடிக்க உட்கார்ந்தார்.

மாப்பிள்ளை மெயில் படித்தபோது எழுபது வாட்தான். மாமனாரின் முகம் தொங்கிப்போயிற்று. பிறகு படத்தை உருவாக்க விட்டதும் எண் விறுவிறுவென்று ஏறி ஐந்நூறில் நின்றது.

"பாத்தீங்களா! நம்ம ஹீட்டரே இவ்வளவுதான் தின்னும்!"

"இதுவும் ஹீட்டர்தான் மாமா. உள்ள போற கரண்ட் பூரா கடைசியில சூடாத்தான் வெளிய வரும். படம் நடுவுல கிடைக்கிறது."

மாமனார் கம்ப்யூட்டர் பெட்டியின் பின்பக்கம் கையை நீட்டினார். வெதுவெதுவென்று வந்த காற்றிலிருந்து கையை எடுக்க மனம் வரவில்லை.

அன்றே மாப்பிள்ளையின் அறைக்கு நாற்காலியோடு குடிவந்துவிட்டார். மகளும் கம்பளியைச் சுற்றிக்கொண்டு வந்தாள். படம் முடிந்து கம்ப்யூட்டரின் விசிறி அடங்க, அறை சில்லிட்டது.

"என்ன மாப்ளே, அதுக்குள்ள முடிஞ்சிருச்சா?"

"சின்னப் பல் ஆஸ்பத்திரி மாமா. ஒரே மாடி."

"ஏத்துங்களேன். செங்கல்லா தூக்கப் போறீங்க?"

கண்ணாடி, தண்ணீர், இலை இவைதான் கம்ப்யூட்டரை நெடுநேரம் திணறடிக்கும் என்று மாமனார் சீக்கிரமே தெரிந்துகொண்டார். ஆஸ்பத்திரிக்குக் கண்ணாடிச் சுவர் வந்தது. வாசலில் அருவி விழுந்தது. "மரத்துல இலை பத்தலையே" என்று மகள் குறைபட்டுக்கொண்டதில் பின்னால் ஒரு காடே முளைத்தது.

படம் எங்கே என்று கேட்டுப் பல் டாக்டரம்மா நேரிலேயே வந்துவிட்டார்.

"இது என் ஆஸ்பத்திரியா? அருவி எதுக்கு?"

மாமனார் எழுந்து தன் நாற்காலியையே கொடுத்தார். "குளிர்ல வந்திருக்கீங்க, உக்காருங்க டாக்டர்."

கோபமாகத்தான் உட்கார்ந்தார் டாக்டரம்மா. சற்று நேரத்தில் கையுறைகளைக் கழற்றினார். பிறகு ஷூவை.

"அருவியை எடுத்துட்டா?"

"படம் சீக்கிரம் முடிஞ்சிரும்" என்றார் மாப்பிள்ளை.

"சீக்கிரமாவா..." காலைப் பெட்டிப்பக்கம் நீட்டிக்கொண்டார். "அவசரமில்ல. அருவி இருக்கட்டும். பக்கத்துல இன்னொண்ணு வைக்க முடியுமா?"

"தாராளமா வைக்கலாம்" என்றார் மாமனார், மாப்பிள்ளை வாயைத் திறப்பதற்குள்.