ஊசியல்ல, காலம்

ஈஜோக்கைத் தாண்டியதும் செம்பனைக் குலை ஏற்றிய லோரி ஒன்றின் பின்னால் மாட்டிக்கொண்டேன். முந்த முடியாத சாலை. எதிரே மோட்டார் சைக்கிள்கள் ஓயாமல் வந்தன. லோரியின் பின்பலகையில் கம்பெனியின் பெயர் பெரிய ஆங்கில எழுத்துகளில் இருந்தது. அதைப் படிக்காமல் இருக்க முடியவில்லை. படித்ததும் துண்டு துண்டாக விழுந்தது. டிரான்ஸ், அப்பால். போர்ட், சுமப்பது. வீட்டுக்காரர் இறந்துபோனதிலிருந்து எனக்கு இப்படித்தான். எந்த ஆங்கிலச் சொல்லும் முழுசாக நிற்பதில்லை. மளிகைக் கடையில், பேங்கில், மருந்துப் பொட்டலத்தில், கண் பட்ட இடத்திலெல்லாம் சொற்கள் கை வேறு கால் வேறாகக் கழன்று கிடக்கின்றன. கார் ஓட்டும்போது இது நல்லதில்லை. கண்ணாடியை இறக்கிவிட்டு மரங்களை மட்டும் பார்த்து ஓட்டினேன். கொஞ்ச தூரத்தில் அடுத்த பலகை வந்தது.

என் மகன் தீபன் செரண்டாவில் ஒரு தொழிற்சாலையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறான். கூட்டாளிகளோடு வாடகை வீட்டில் இருக்கிறான். அவனைக் கேட்காமலேயே ரவாங்கில் ஒரு கிளினிக்கில் அன்றைக்கு அவன் பெயரில் பதிந்து வைத்திருந்தேன், இதயத்தை ஸ்கேன் எடுத்துப் பார்க்க. அவன் அப்பா இறந்த அன்று ஆஸ்பத்திரியில் ஒரு பெண் டாக்டர் என்னைத் தனியாக உட்காரவைத்து, இந்த நோய் ரத்தத்தில் வரக்கூடியது, பிள்ளை இருந்தால் கட்டாயம் பார்த்துவிடுங்கள் என்றார். முன்கூட்டியே தெரிந்தால் மருந்து கொடுத்துப் பிடித்து வைக்கலாம் என்றும் சொன்னார். ஹெரடிட்டரி என்ற சொல்லை அவர் இரண்டு மூன்று தடவை சொன்னார். காரியமெல்லாம் முடிந்த பிறகு தீபனிடம் பேச்செடுத்தேன். பார்ப்போம் என்றான். அடுத்த தடவை ஷிப்ட் மாறிவிட்டது என்றான். அதற்கடுத்து என் போனை எடுப்பதையே விட்டுவிட்டான். அவன் அத்தை அமராவதிக்கு இது வசதியாகப் போயிற்று. பெண் பார்க்கிற வயதில் பையன் நெஞ்சில் கோளாறு என்று நாமே தண்டோரா போடணுமா என்று என்னிடம் கேட்டாள். அன்றிலிருந்து வீட்டில் ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை. அடுப்பைப் பற்றவைத்துவிட்டு வாசலுக்குப் போவேன். வாசலில் நிற்கும்போது அடுப்பு நினைவுக்கு வரும்.

என் கணவர் குமணன் புக்கிட் ரோத்தானுக்குப் பக்கத்து எண்ணெய் ஆலையில் கிராணி, கணக்கெழுதுகிறவர். குலை ஏற்றி வரும் லோரிகளை எடை போடும் அறைதான் அவர் உலகம். லோரி வராத நேரத்துக்கென்று ஒரு தடித்த ஆங்கில அகராதி வைத்திருந்தார். கிள்ளானில் மூடப்போகிற ஒரு புத்தகக் கடையில் வாங்கியது. அதில் சொல்லுக்கு என்ன பொருள் என்று அவர் பார்க்கமாட்டார். கீழே சின்ன எழுத்தில் அந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்று போட்டிருக்கும், அதுதான் அவருக்கு வேண்டும். கம்பெனி என்றால் ஒன்றாக உட்கார்ந்து ரொட்டி தின்கிறவர்கள் என்று ஒருநாள் சாப்பாட்டின்போது சொல்லிவிட்டு, நம்ம கம்பெனி இதுவரைக்கும் யாருக்கு ரொட்டி போட்டது என்று அவரே சிரித்தார். ஆலையைச் சுற்றி வேலி போட்ட இடத்தைக் காவலாளி கம்பவுண்டு என்பான். அது கிராமத்தைக் குறிக்கும் மலாய்க் கம்போங்கிலிருந்து வெள்ளைக்காரன் தூக்கிக்கொண்டு போனதாக அகராதியில் பார்த்த அன்று, இரண்டு வீடு தள்ளியிருந்த நாகமணி அண்ணனிடம் நடந்துபோய் அதைச் சொல்லிவிட்டு வந்தார். அண்ணன் பல் குத்திக்கொண்டே, "அப்ப இத்தன வருச வாடகைய கேக்கலாம்லா" என்றாராம்.

தீபனுக்கு அதில் லாபமும் இருந்தது. பள்ளியில் உயிரியலும் வேதியியலும் ஆங்கிலத்தில் வந்தபோது மற்றப் பிள்ளைகள் நீளச் சொற்களை மந்திரம் மாதிரி உருப்போட்டார்கள். இவன் அவற்றைப் பிரித்துப் போட்டு விளையாடினான். ஹைட்ரோ தண்ணீர், ஃபோட்டோ வெளிச்சம், சின்தெஸிஸ் சேர்த்து வைப்பது. முன்னே பார்த்திராத சொல் வந்தாலும் அவன் பயப்பட்டதில்லை. தெரியாத ஊரில் தெரிந்த முகம் பார்த்த மாதிரி இருக்கும்மா என்று சொல்லியிருக்கிறான். அப்பாவும் மகனும் பேசுவதைக் கேட்டுக் கேட்டு எனக்கும் அந்தப் பழக்கம் தொற்றிக்கொண்டது.

அவருக்கு மூச்சு வாங்க ஆரம்பித்து, ஆஸ்பத்திரியில் எல்லாச் சோதனையும் முடிந்த பிறகு, டாக்டர் நோயின் பெயரைச் சொன்னார். டாக்டர் விளக்குவதற்கு முன்பே இவர் என் பக்கம் திரும்பி, கார்டியோ இதயம், மயோ தசை, பதி துன்பம் என்றார். பரீட்சையில் தெரிந்த கேள்வி வந்த பையன் மாதிரி முகம். டாக்டர் அடுத்து க்ரோனிக் என்றார். இவர் தலையாட்டிக்கொண்டார். வெளியே நடையில் என் கையைப் பிடித்து, "அக்யூட்னா கூரு, ஊசி மாதிரி. க்ரோனிக்னா காலம். நமக்கு ஊசி இல்ல புனிதா, காலம்தான்" என்றார்.

அந்தச் சொல்லில் அவருக்கு இருந்த நிம்மதியை இப்போதும் என்னால் பார்க்க முடிகிறது. காலம் என்று தெரிந்துவிட்டதால் அவர் அவசரப்படவில்லை. மறுபடி வரச் சொன்ன தேதியை மழைக்காலம் முடியட்டும் என்று தள்ளினார். நல்லாயிருக்கிற நாளில் மாத்திரை எதற்கு என்றார். ஒரு மத்தியானம் எடைமேடையில் ஏறி நின்ற லோரிக்காரர் ஹார்ன் அடித்துக்கொண்டே இருந்திருக்கிறார். சன்னல் வழியாகப் பார்த்தபோது கிராணி தலையைக் குனிந்து படித்துக்கொண்டிருக்கிற மாதிரிதான் தெரிந்ததாம்.

செரண்டாவில் நான் போய்ச் சேர்ந்தபோது தீபன் ஷிப்ட் முடிந்து அப்போதுதான் வந்திருந்தான். கனத்த காலணிகளைக்கூடக் கழற்றவில்லை. என்னாம்மா சொல்லாம கொள்ளாம என்றான். சாலை ஓரத்தில் தமிழ் முஸ்லிம்கள் நடத்தும் மாமாக் கடைக்குக் கூட்டிப்போனான். எனக்குத் தேத்தண்ணீரும் தனக்கு ரொட்டி சானாயும் சொல்லிவிட்டு, ரொட்டி வந்ததும் அதைத் துண்டு துண்டாகப் பிய்த்துத் தட்டில் பரப்பினான். ஒன்றையும் வாயில் வைக்கவில்லை. மேசைக்கு அடியில் அவன் கால் ஆடிக்கொண்டே இருந்தது. கிளினிக் விஷயத்தைச் சொன்னேன். இன்றைக்கே, இப்போதே போகவேண்டும் என்றேன்.

அவன் சத்தம் போடவில்லை. நெஞ்சில் ஏதாவது இருப்பதாகத் தெரிந்தால் ஃபோர்க்லிஃப்ட் சாவியை வாங்கிக்கொண்டு கூட்டிப் பெருக்க விட்டுவிடுவார்கள் என்றான். சாவியை வாங்கினால் வாங்கட்டும் என்றேன். தூக்கம் வருகிறது என்றான். காரில் தூங்கு என்றேன். பிறகு ஒரு ரொட்டித் துண்டை எடுத்து இன்னும் சின்னதாகப் பிய்த்தான்.

"அப்பா வார்த்தைய பிரிச்சுப் பாத்தாரு. நோயவே பாத்துட்டதா நெனச்சுக்கிட்டாரு" என்றான்.

இந்த வாக்கியம் எனக்குள்ளும் பல நாள் சுற்றிக்கொண்டிருந்ததுதான். யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. அவர் மேல் கோபமா என்று கேட்டேன். தெரியல என்றான். பக்கத்து மேசையில் தொழிற்சாலைப் பையன்கள் போனில் பந்தாட்டம் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தார்கள். அவன் குரலைத் தாழ்த்தினான்.

"ஹெரடிட்டரிக்கு வேரு என்னான்னு பாத்தியாம்மா?"

நான் பார்க்கவில்லை. கண்ணில் படுகிற ஒவ்வொரு சொல்லையும் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்த நான், அந்த ஒன்றை மட்டும் தொடவில்லை. அகராதி வீட்டில் அவர் வைத்த இடத்திலேயே இருந்தது. இல்லை என்று தலையாட்டினேன்.

"நான் பாத்தேன். போன்லதான். லத்தீன்ல வாரிசுக்கு உள்ள வார்த்தையிலேருந்து வந்ததாம். அதுக்கும் பின்னால, எங்கியோ ரொம்ப தூரத்துல, விட்டுட்டுப் போனதுன்னு ஒரு வேரு. அதே வேருலேருந்துதான் கிரேக்கத்துல புருசன் செத்தவளுக்கும் வார்த்தை." சிரிக்கப் பார்த்தான், சரியாக வரவில்லை. "நீயும் நானும் ஒரே வேருதாம்மா."

எத்தனை நாளாக இதைத் தனியாக வைத்துக்கொண்டு இந்தப் பையன் பெட்டிகளைத் தூக்கி அடுக்கிக்கொண்டிருந்தான் என்று தெரியவில்லை. போனை எடுக்காத பிள்ளை அல்ல இவன், என்னைப் போலவே எதையும் முழுசாகப் பார்க்க முடியாமல் கிடந்தவன். குமணன் இருந்திருந்தால் அந்த வேரைக் கேட்டதும் மேசையைத் தட்டியிருப்பார். நாகமணி அண்ணன் வீட்டுக்கு நடந்திருப்பார். அது அழகாகத்தான் இருந்தது. அதில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிடலாம் போலவும் இருந்தது. அந்த ஆசைதான் என்னை உலுக்கியது. ஆஸ்பத்திரி நடையில் என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றவரும் இப்படி ஓர் அழகில்தான் உட்கார்ந்தார்.

"அது வார்த்தைடா. எங்கேருந்து கெளம்புச்சுன்னு வேரு சொல்லும். ஒன் நெஞ்சுக்குள்ள இப்ப என்னா நடக்குதுன்னு அதுக்குத் தெரியாது. எந்திரி" என்றேன்.

தன் மோட்டார் சைக்கிளில் பின்னால் வருவதாகச் சொன்னான். காரில் ஏறு என்றேன். மோட்டார் சைக்கிள் சாவியைச் சட்டைப் பையில் போட்டு, எடுத்து, மறுபடி போட்டான். பிறகு ஏறினான். ரவாங் வரைக்கும் கண்ணை மூடிக்கொண்டு வந்தான். தூங்கவில்லை. முழங்கால் காரின் கதவில் தட்டிக்கொண்டே வந்தது.

கிளினிக்கில் என்னையும் உள்ளே விட்டார்கள். அறையில் விளக்கைக் குறைத்திருந்தார்கள். சட்டையைக் கழற்றிவிட்டு இடப்பக்கமாகத் திரும்பிப் படுக்கச் சொன்னாள் அங்கிருந்த மலாய்ப் பெண். சின்னப் பெண், முக்காடு போட்டிருந்தாள். அவன் விலாவில் பசை தடவிக் கருவியை வைத்து அழுத்தினாள். குளிரில் அவன் தோள் சிலிர்த்தது. அவன் முகம் சுவரைப் பார்த்து இருந்தது. திரை எனக்கு மட்டும்தான் தெரிந்தது.

சாம்பல் நிறத்தில் ஏதோ மங்கலாக அசைந்தது. பிறகு தெளிந்தது. திரையின் மூலையில் ஆங்கில எழுத்துகளும் எண்களும் மாறிக்கொண்டே இருந்தன. என் கண் அங்கே போகவில்லை. அந்தப் பெண் படத்தின் அசைவை நிறுத்தி, ஓர் ஓரத்திலிருந்து இன்னோர் ஓரத்துக்குப் புள்ளிகளால் கோடு இழுத்து அளந்தாள். கொஞ்சம் யோசித்தாள். கோட்டை அழித்தாள். அவள் முகத்தைப் பார்த்தேன், அதில் ஒன்றும் தெரியவில்லை. டாக்டர்தான் சொல்வார் என்று முன்பே சொல்லிவிட்டிருந்தாள்.

"என்னாம்மா தெரியுது?" என்றான் தீபன், சுவரைப் பார்த்தபடியே.

"ஆடாம படு" என்றேன்.

அவள் மறுபடி அசைவை விட்டாள். படகிலிருந்து அப்போதுதான் தட்டில் கொட்டிய மீனின் செவுள் மாதிரி, மெல்லிய வெள்ளை மடல் ஒன்று இருட்டுக்குள் திறந்தது, மூடியது, திறந்தது. அவள் புதிதாக ஒரு கோடு இழுக்க ஆரம்பித்தாள்.