தலைவரம்மாவின் துப்பாக்கி

மேலூர் ஊருக்குள் திரும்பும் முன்பே அசோக்குமார் காரை ஒரு புளியமரத்தடியில் ஓரங்கட்டினான். கண்ணாடியில் முன்னும் பின்னும் பார்த்துவிட்டு, சட்டையைத் தூக்கி இடுப்பில் இருந்ததை உருவி, மனைவியின் கைப்பைக்குள் வைத்தான். தமிழ்ச்செல்வி பையை மடியில் தூக்கி வைத்துப் பார்த்தாள். கால் கிலோவுக்கு மேல், அரைக் கிலோவுக்குள் இருக்கும். கடையில் புளி வாங்கி வந்தால் இந்தக் கனம்தான். லைசென்ஸ் அவள் பெயரில் எடுத்து வருசங்கள் ஓடிவிட்டன. துப்பாக்கி அவள் பைக்குள் வந்தது அன்றைக்குத்தான்.

"துப்பாக்கிப் பெட்டி எடுத்தியா?"

"எடுத்தேன்."

"உள்ள கிடந்த கண்டாமுண்டாச் சாமானெல்லாம் கொட்டிட்டேல்ல?"

"ம்."

"எங்க, இன்னொருக்கச் சொல்லு பாப்போம்."

அவள் பள்ளிக்கூடத்துப் பிள்ளை மனப்பாடம் ஒப்பிப்பதுபோல் சொன்னாள். சாமி கும்பிட்டுத் திரும்பினேன். கூட்டத்தில் கீழத்தெருக் கருப்பு என் கையைப் பிடித்து இழுத்தான். பயந்துபோய்ப் பையில் இருந்த துப்பாக்கியை எடுத்தேன். வெடித்துவிட்டது.

"கையி மட்டும் பத்தாது. இடுப்புலயும் கை வச்சான்னு சொல்லணும். வக்கீலு அம்புட்டு தூரம் சொல்லி அனுப்புனாரே, மறந்துட்டியா?" என்றான். "ஆம்பள சுட்டா கேஸு. பொம்பள சுட்டா தற்காப்பு. அதுக்குன்னே செஞ்ச துப்பாக்கி இது, வெளங்குதா?"

அவளுக்கு நன்றாக விளங்கியது. மூன்று வருசத்துக்கு முன்னால் கல்யாண வீட்டில் பந்தி பரிமாறியவன் அவள் தோளில் தெரியாமல் இடித்துவிட்டான் என்று சாம்பார் வாளியோடு அவனைக் கீழே தள்ளிய மனுசன் இவன். இன்றைக்குத் தன் பெண்டாட்டி இடுப்பில் அடுத்தவன் கை வைத்தான் என்று போலீசில் எழுதிக் கொடுக்கச் சொல்கிறான். தன் தலைக்கு வந்தால் மானம் எவ்வளவு மலிவாகிவிடுகிறது பாருங்கள்.

ஊராட்சித் தலைவர் பதவி பெண்களுக்கு என்று ஒதுக்கப்பட்டபோது அசோக்குமார் ஒரு நாள் முழுக்கச் சாப்பிடவில்லை. மறுநாள் பெண்டாட்டி பெயரில் மனுப் போட்டான். ஜெயித்தது அவள், மாலை விழுந்தது அவன் கழுத்தில். ஊராட்சி ஆபீசில் அவள் நாற்காலியில் அவன் உட்காருவான். அவள் வீட்டில் வெங்காயம் உரித்துக்கொண்டே கையெழுத்துப் போடுவாள். பேரு பெத்த பேரு, தாக நீலு லேது, பேர்தான் பெரிசு குடிக்கத் தண்ணி இல்லை என்பார்களே, அதுதான். ஊரே அவனைத் தலைவர் என்று கூப்பிட்டுப் பழகிவிட்டது. அவளுக்கும் அது பழகித்தான் போயிருந்தது.

துப்பாக்கியும் அதே வழியில்தான் வந்தது. அவன் பெயரில் பழைய அடிதடி வழக்குகள் இருந்ததால் லைசென்ஸ் மறுத்துவிட்டார்கள். பெண் தலைவருக்குக் கல்குவாரிக்காரர்களால் உயிருக்கு ஆபத்து என்று எழுதி அவளிடம் கையெழுத்து வாங்கினான். கிடைத்துவிட்டது. கல்குவாரிக்காரர்கள் இவனோடு ஒரே இலையில் சாப்பிடுகிறவர்கள் என்பது வேறு விசயம். மதுரையில் கடைக்கு அவளையும் கூட்டிப் போனான். சுவரில் பட்டுச்சேலை கட்டிய ஒரு பெண் துப்பாக்கியைப் பிடித்துச் சிரிக்கிற படம் ஒட்டியிருந்தது. கடைக்காரர் சின்னதாக ஒரு ரிவால்வரை எடுத்து வைத்து, "பொம்பளைங்களுக்குன்னே வந்தது சார். வெயிட்டே தெரியாது. ஆனா வாங்கிட்டுப் போறது பூராம் உங்கள மாதிரி ஆளுகதான்" என்று சிரித்தார். அரக்கு நிறத்தில், உள்ளே வெல்வெட் தைத்த பெட்டி. தூரத்திலிருந்து பார்த்தால் ஆரம் வைக்கிற நகைப்பெட்டி என்றே சொல்வார்கள். அவள் ஆசையாகத் துப்பாக்கியை எடுத்துக் கையில் பிடித்தாள். பிடி அவள் உள்ளங்கைக்கு அளவெடுத்த மாதிரி இருந்தது. ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, யாருக்கும் பயப்பட வேண்டியதில்லை என்று அவளுக்குத் தோன்றியது.

"வையி, வெடிச்சுரப் போவுது" என்று அவன் பிடுங்கி இடுப்பில் செருகிக்கொண்டான். பெட்டி மட்டும் அவளிடம் தங்கியது. நல்ல பெட்டி, வீணாக்குவானேன் என்று ஊக்கு, நூல்கண்டு, ஜாக்கெட் கொக்கி எல்லாம் போட்டு வைத்தாள்.

கருப்பு கீழத்தெருக்காரன். மேலூருக்கு ஷேர் ஆட்டோ ஓட்டுகிறான். அந்தத் தெருவுக்குத் தண்ணீர்க்குழாய் வேண்டும் என்று ஆபீசுக்குப் போகாமல் நேராக வீட்டு வாசலுக்கு வந்து, "தலைவரம்மா, ஒரு மனு குடுக்கணும்" என்று நின்றவன் அவன் ஒருத்தன்தான். தலைவர் வெளியே போயிருக்கிறார் என்று அவளே பழக்கதோசத்தில் சொன்னாள். "நீங்கதான தலைவரு?" என்றான் அவன். கிண்டல் இல்லை, நிஜமாகவே கேட்டான். அவள் மனுவை வாங்கி வைத்துக்கொண்டு, அந்தக் குழாய் வரும்வரை அசோக்குமாரை அரித்து எடுத்துவிட்டாள். அவள் தலைவராக இருந்து செய்த ஒரே காரியம் அது.

நேற்று மஞ்சுவிரட்டுக்கு முன்னால் கோயில் மரியாதை. வழக்கமாகப் பேண்ட் பெல்ட்டில் துப்பாக்கியை மாட்டுகிறவன் நேற்றுப் பட்டு வேட்டி கட்டியிருந்தான். காரிலேயே வைத்துவிட்டு வந்திருக்கலாம். ஆனால் அது இடுப்பில் இல்லாவிட்டால் அவனுக்கு வேட்டியே கட்டாத மாதிரி. வேட்டி மடிப்பில் செருகிக்கொண்டு வந்தான். பூசாரி பரிவட்டம் கட்டினார். அவன் சாமிக்கு நெடுஞ்சாண்கிடையாக விழுந்து எழுந்தபோது அது நழுவிக் கல்தரையில் 'ணங்'கென்று விழுந்தது. வெயிட்டே தெரியாது என்று கடைக்காரர் சொன்னது உண்மைதான். அவனுக்குத் தெரியவே இல்லை. கும்பிட்டுக்கொண்டே நாலு அடி நடந்தும் விட்டான்.

கூட்டத்தின் கடைசியில் நின்ற கருப்புதான் சத்தமாகச் சொன்னான்.

"அண்ணே, தலைவரம்மாவோட துப்பாக்கி கீழ விழுந்துருச்சு."

அவ்வளவுதான். இருப்பதைச் சொன்னான். ஆனால் கொட்டு அப்போதுதான் நின்றிருந்தது. முதலில் ஒரு கிழவர் சிரித்தார். அப்புறம் பெண்கள் பக்கம் சிரிப்புக் கிளம்பியது. "பங்காளி, அப்பிடியே மதினியோட வளையலையும் போட்டுக்கிற வேண்டியதுதான" என்று அவன் பங்காளி ஒருத்தன் கத்தினான். கத்தியவனை அசோக்குமார் ஒன்றும் செய்யவில்லை. பங்காளி ஆயிற்றே. குனிந்து எடுத்தான். கூட்டத்தின் கடைசியைப் பார்த்து நீட்டினான். அவனுக்கும் அது சுடும் என்று நினைவில்லையோ என்னவோ, வெடித்ததும் அவனேதான் முதலில் துள்ளினான். கருப்பு தொடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். ஊரே பார்த்தது. பொழுது அடைவதற்குள் ஊர் எதையுமே பார்க்கவில்லை.

போலீஸ் ஸ்டேசன் வாசலில் வேப்பமரத்தடிப் பெஞ்சில் கருப்பின் அம்மா ராமக்காள் உட்கார்ந்திருந்தாள். மடியில் ஒரு மஞ்சப்பை. அதற்குள் மகனுடைய கைலி இருந்தது, ரத்தம் காய்ந்து. நேற்றிலிருந்து அதைக் காட்டிப் புகார் கொடுக்கப் பார்க்கிறாள், வாங்க ஆளில்லை. தமிழ்ச்செல்வியைப் பார்த்ததும் எழுந்து நின்றாள்.

"பெரியாசுபத்திரியில குண்ட எடுத்துட்டாகளாம் தலைவரம்மா. காலு நடக்க வருமான்னு இப்பச் சொல்ல முடியாதாம்" என்றாள். பிறகு குரலை இறக்கி, "நீங்க பாத்தீகள்ல? நீங்க ஒரு வார்த்த சொன்னாப் போதும்த்தா" என்றாள்.

"இந்தாம்மா, தள்ளி நில்லு" என்று அசோக்குமார் குறுக்கே வந்தான்.

தமிழ்ச்செல்வியால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. இந்தப் பொய்யைச் சொன்னால் படுக்கையில் கிடக்கிறவன் பெண்ணிடம் வம்பு செய்தவனாக ஜெயிலுக்குப் போவான். சொல்லாவிட்டால் வீட்டுக்குத் திரும்பிப் போக வழியில்லை. அம்மா வீட்டில் என்ன சொல்வார்கள் என்பதும் தெரியும். கட்டுனவனைக் காட்டிக் குடுத்தவ. ஆயுசுக்கும் அந்தப் பெயர்தான்.

எஸ்.ஐ. பாண்டிமீனா அசோக்குமாரை வெளியே இருக்கச் சொன்னாள்.

"நானும் இருக்கேனே மேடம். அதுக்குப் பேசத் தெரியாது."

"லைசென்ஸ் அவங்க பேர்ல. அவங்க பேசட்டும்."

கதவு சாத்தப்பட்டது. ஜன்னல் திறந்திருந்தது. தமிழ்ச்செல்வி துப்பாக்கியை எடுத்து மேசையில் வைத்தாள். பக்கத்தில் பெட்டியை வைத்தாள். எஸ்.ஐ. இரண்டையும் பார்த்தாள்.

"முதல்லயே சொல்லிடுறேங்க. நீங்க சுட்டதா சொன்னா ஒரு மாதிரி போகும். வேற யாரும் சுட்டதா சொன்னா, உங்க ஆயுதத்த அடுத்தவங்க கையில குடுத்ததுக்கு உங்க மேலயும் கேஸ் வரும். ரெண்டையும் யோசிச்சுக்கங்க" என்றாள். எரிச்சலா, இரக்கமா என்று தெரியாத குரல். "சரி. இதத் திறந்து, எப்பிடிக் குண்டு போடுவீங்கன்னு காட்டுங்க."

தமிழ்ச்செல்வி துப்பாக்கியைக் கையில் எடுத்தாள். இங்கே தொட்டாள், அங்கே தொட்டாள். அன்றைக்குக் கடையில் பொருந்திய அதே பிடி இன்றைக்கும் பொருந்தியது. அதற்கு மேல் அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை. மறுபடியும் கீழே வைத்தாள்.

எஸ்.ஐ. பெட்டியைத் தன் பக்கம் இழுத்துத் திறந்தாள். ஊக்குகளும் கொக்கிகளும் மேசையில் சிதறின. பச்சை நூல்கண்டு ஒன்று உருண்டு, துப்பாக்கியில் முட்டி நின்றது. தமிழ்ச்செல்வி எதையும் கொட்டவில்லை. காலையில் கொட்டத்தான் திறந்தாள். வருசக்கணக்காகச் சேர்த்ததை எங்கே கொட்டுவது என்று தெரியாமல் அப்படியே மூடி எடுத்துவந்துவிட்டாள். கணவனிடம் 'ம்' என்று சொன்னபோது, அந்தப் பெட்டி தன்னைக் காட்டிக் கொடுக்கும் என்று தெரிந்துதான் சொன்னாளா, அவளுக்கே தெரியாது.

"துப்பாக்கி இதுல இருந்ததே இல்ல போலருக்கே?" என்றாள் எஸ்.ஐ.

"பெட்டியத்தான் எனக்குக் குடுத்தாரு."

சொன்ன பிறகுதான் ஆத்திரம் வந்தது. எத்தனை வருச ஆத்திரம்! அழுதுவிடக் கூடாது என்று குனிந்து, சிதறியதிலிருந்து ஓர் ஊக்கைத் தேடி எடுத்தாள். தோளில் நழுவியிருந்த முந்தானையை இழுத்து மடித்துக் குத்திக்கொண்டாள்.

"எழுதிக்கங்கம்மா" என்றாள்.

எஸ்.ஐ. பேனாவைத் திறந்தாள். ஜன்னலுக்கு வெளியே ராமக்காள் மஞ்சப்பையை மடியில் அணைத்தபடி உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அசோக்குமார் போனில் யாரிடமோ சிரித்துப் பேசிக்கொண்டிருந்தான். பேச்சுக்கு நடுவே அவன் கை தானாகச் சட்டைக்குள் போய் இடுப்பைத் தடவியது. அங்கே ஒன்றும் இல்லை. வெளியே வந்தது. கொஞ்ச நேரத்தில் மறுபடியும் உள்ளே போய்த் தேடியது.