ஆயிரமாவது தோல்வி

ஒசாகாவில் எங்கள் தெருவில் என் வாய்க்குப் பயப்படாத ஆள் கிடையாது. நாற்பத்து மூன்று வருஷக் குடித்தனத்தில் எந்தச் சண்டையிலும் நான் 'தோற்றேன்' என்று சொன்னதில்லை. ஆனால் என் புருஷன் மினாகுச்சி தெய்ஜி அதைச் சொல்வதையே பிழைப்பாக வைத்திருந்தவர். எங்கள் நாட்டுச் சதுரங்கமான சோகி ஆடுவதுதான் அவர் தொழில். அதில் ராஜாவை யாரும் வெட்டிக் காட்டுவதில்லை. தோற்றவரே தன் தோல்வியைக் கண்டுகொண்டு, தலை குனிந்து, வாய்விட்டுச் சொல்ல வேண்டும். தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது தடவை அப்படிச் சொல்லியிருந்தார்.

சிரிக்காதீர்கள், ஜெயித்தது அதைவிட அதிகம். சுமாரான ஆட்டக்காரரை வரிசையில் கீழே கீழே தள்ளி, சீக்கிரமே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். ஆயிரம் தோல்வி வாங்க வேண்டுமானால் அத்தனை காலம் தாக்குப்பிடிக்க வேண்டுமே! எத்தனை பேரால் முடியும்?

எனக்கும் அன்று தெரியவில்லை. கல்யாணத்தன்றே அவரிடம் பந்தயம் கட்டினேன். "இந்தக் கட்டையெல்லாம் மூணு வருஷந்தான் சோறு போடும். அப்புறம் எங்கப்பா கடை அடுப்புக்குத்தான் வந்து நிக்கப் போறீங்க."

"பார்க்கலாம்" என்றார். அவ்வளவுதான்.

அந்த மார்ச் மாதத்து ஆட்டம் வந்தபோது அவருக்கு வயது அறுபத்து மூன்று. ஜெயித்தால் வரிசையில் இன்னும் ஒரு வருஷம். தோற்றால் அன்றோடு ஓய்வு. எதிரே செகினோ என்ற பத்தொன்பது வயதுப் பையன். வழக்கமாகக் கோட்டுப் போட்டுப் போகிறவர், அன்று காலையில் கிமோனோவை எடுத்தார். எனக்கு வந்ததே கோபம்.

"என்னமோ கடைசி ஆட்டம்ங்கிற மாதிரி கெளம்புறீங்க? கோட்டுக்கு என்ன கேடு?"

"கழுத்தைப் பிடிக்குது" என்றார்.

அப்பாவுக்குப் பிறகு நான் நடத்தும் கடையில் சாஸ் புட்டியில் போனைச் சாய்த்து வைத்து நேரலையைப் பார்த்துக்கொண்டே முட்டைக்கோஸ் அடை சுட்டேன். மீன்கடை ஹமானாகா எனக்கு எதிரே வந்து உட்கார்ந்தான்.

"என்னக்கா, மாமா இன்னிக்கு ஆயிரம் அடிச்சிருவாரா?"

"வாயைக் கழுவுடா! உனக்கு இன்னிக்கு மயோனைஸ் கிடையாது."

மூன்று மணி வரை இவர் கைதான் ஓங்கியிருந்தது. ஐந்து மணிக்கு ஒரு காயை நகர்த்திவிட்டுப் பிடரியைத் தேய்த்தார். எனக்கு ஆட்டம் தெரியாது, அந்தப் பிடரி தெரியும். ஏதோ தப்பாகிவிட்டது. இன்னும் ஒரு வருஷம், ஒரே ஒரு வருஷம் கொடுத்துவிடு சாமி என்று கல்லைச் சுரண்டிக்கொண்டே வேண்டினேன்.

ஆறு மணிக்கு அவர் திடீரென்று பையனின் ராஜா பக்கத்தில், தான் பிடித்து வைத்திருந்த காய்களை இறக்கினார். ஒன்று, அடுத்து இன்னொன்று. ஹமானாகா எழுந்தே விட்டான்.

"அடி சக்கை! பாஞ்சுட்டாருக்கா! இன்னும் ஒரே ஒரு காய், பையன் காலி!"

கடையே கைதட்டியது. என் கரண்டி நின்றுவிட்டது. அது பாய்ச்சல் இல்லை. எங்கள் ஆட்டக்காரர்களிடம் ஒரு வழக்கம் உண்டு, அவர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். தோல்வி உறுதி என்று தெரிந்ததும் அலங்கோலமான பலகையில் எழுந்துவிட மாட்டார்கள். இன்னும் ஒரு முறை கிடைத்தால் நானே ஜெயிப்பேன் என்கிற இடம் வரை காய்களைக் கொண்டுவந்து நிறுத்துவார்கள். ஆட்டக் குறிப்பு என்றைக்கும் இருக்குமே, பார்க்கிறவர்களுக்கு லட்சணமாக இருக்க வேண்டாமா? வீட்டைக் கூட்டி வைத்துவிட்டுச் சாவியைக் கொடுக்கிற மாதிரி. பையனுக்கும் புரிந்திருக்க வேண்டும், முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தான்.

"ஏங்க்கா அழுவுற? மாமா ஜெயிக்கப் போறாரு!"

"வெங்காயம்டா."

"கல்லுல முட்டைக்கோஸ்தானே இருக்கு?"

அவர் ஒரு வாய் தேநீர் குடித்தார். கிமோனோவின் கழுத்தைச் சரிசெய்தார். பிடித்து வைத்திருந்த காய்கள் மேல் கையை வைத்தார்.

"தோற்றேன்."

இந்தக் காலத்துப் பையன்கள் அதை வாய்க்குள்ளேயே முழுங்குவார்கள். இவர் குரல் கடைக்கோடி நாற்காலி வரை கேட்டது. செகினோவின் நெற்றி பாயைத் தொட்டது, இவர் நிமிர்ந்த பிறகும் அவன் நிமிரவில்லை. எனக்குப் பெருமை தாங்கவில்லை. "பாருங்கடா, என் புருஷன்!" என்று கத்திவிட்டேன்.

பையனோடு உட்கார்ந்து ஆட்டத்தை அலசிவிட்டு, பெரியவர் செய்ய வேண்டிய முறைப்படி நாற்பது காய்களையும் பெட்டியில் போட்டு மூடிவிட்டு, கடை சாத்தும் நேரத்துக்கு வந்தார். ஹமானாகாவும் மற்றவர்களும் போகவே இல்லை. அவர் கிமோனோக் கையை மடித்துக்கொண்டு நேரே அடுப்புப் பக்கம் வந்தார்.

"ஃபுசாயே, பந்தயப்படி வந்துட்டேன். எது என் கரண்டி?"

மூன்று வருஷம் என்று சொன்னவள் நான். நாற்பத்து மூன்று கழித்து வந்து நிற்கிறார். கையைத் துடைத்துக்கொண்டேன். அவருக்கு எதிரே போய், மேசையில் இரண்டு கையையும் ஊன்றி, கடை முழுக்கக் கேட்கும்படி சொன்னேன்.

"நான் தோத்துட்டேங்க."

ஜெயித்தவர் குனிகிற முறைப்படி அவரும் குனிந்தார்.

"நல்லாச் சொன்னே" என்றார். "முதல் தடவைக்குக் குரல் நடுங்கவே இல்ல."