கம்மலைத் திருகினால்

என் தம்பி லிஃப்ட் மெக்கானிக். லிஃப்ட்டைத் தவிர வேறு எதையும் பேசமாட்டான். லிஃப்ட்டைப் பற்றிப் பேச ஆரம்பித்தாலோ நிறுத்தமாட்டான். அதனால் நான் ஓர் ஏற்பாடு செய்தேன். வீட்டுக்கு யாராவது வந்திருக்கும்போது அவன் பேச்சு நீண்டுகொண்டே போனால், என் வலது காதுக் கம்மலைத் திருகுவேன். உடனே அவன் நிறுத்திவிட வேண்டும். வாக்கியம் பாதியில் நின்றாலும் சரிதான்.

"ஏன்னு கேக்கலாமா?" என்றான்.

"எதிர்ல இருக்கிறவங்களுக்குப் போதும்னு அர்த்தம்."

"அதை அவங்களே சொல்லமாட்டாங்களா?"

"சொல்லமாட்டாங்கடா. மனுஷங்க அப்படித்தான்."

சரி என்றான். அவன் சரி என்றால் சரிதான். எங்கள் வீட்டில் சொன்ன சொல் மாறாத ஒரே ஆள் அவன்.

நான் அழகு நிலையம் நடத்துகிறேன். ஒரு முகத்தில் எதை மறைக்க வேண்டும், எதை எடுத்துக்காட்ட வேண்டும் என்பதுதான் என் பிழைப்பு. அம்மா போனபிறகு தம்பி என் பொறுப்பு. அவனுக்கு ஆட்டிசம் என்று மருத்துவர் சொன்னபோது முப்பதை நெருங்கியிருந்தான். "அப்பாடா, இதுக்கு ஒரு பேர் இருக்கு" என்று அவன் பெருமூச்சு விட்டான். நான் வழிநெடுக அழுதேன். வீட்டுக்கு வந்து முகம் கழுவியதும், இதைக் காதும் காதும் வைத்தமாதிரி வைத்துக்கொள்ள வேண்டும் என்று முடிவெடுத்தேன். அவனைக் கேட்கவில்லை.

அப்படி இருக்கும்போதுதான் அவள் வந்தாள். காது எவ்வளவு கேட்கிறது என்று பரிசோதிக்கும் வேலை. நான் வைத்த பெயர் காதுக்காரி. அவள் வேலை பார்க்கும் கட்டடத்தின் லிஃப்ட் ஒருநாள் இரண்டு மாடிகளுக்கு நடுவே நின்றுவிட்டது. உள்ளே அவள் மட்டும். காவலாளி வெளியே நின்று "பயப்படாதீங்கம்மா, பயப்படாதீங்கம்மா" என்று கத்திக் கத்தி அவளை நன்றாகப் பயமுறுத்திக்கொண்டிருந்தார். என் தம்பி போய்க் கதவோரம் நின்று சொன்னானாம்: "மேல அஞ்சு கயிறு இருக்கு. உங்களைத் தாங்க ஒண்ணே போதும். அஞ்சும் அறுந்தாலும் ப்ரேக் பிடிச்சுக்கும். உள்ள காத்து வரும். இப்போ ஒரு பெரிய சத்தம் கேக்கும், அது நான்தான்."

சொன்னபடியே சத்தம் கேட்டது. வெளியே வந்தவள் அவனை டீ குடிக்கக் கூப்பிட்டாள்.

"சத்தம் வர்றதுக்கு முன்னாடியே 'அது நான்தான்'னு சொன்ன ஆளை அன்னைக்குத்தான்க்கா பார்த்தேன்" என்று பின்னால் என்னிடம் சொல்லிச் சிரித்தாள்.

அவர்கள் பாட்டுக்குப் பழகட்டும் என்று விட்டிருக்கலாம். விட்டேனா? கொஞ்ச நாள் வீட்டுக்கே வரட்டும், நானும் கூட இருக்கிறேன் என்றேன். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வருவாள். இருவரும் மேசையில் எதிரெதிரே உட்கார, பூஜை வேளையில் கரடி புகுந்தமாதிரி நடுவில் நான். கதவு மூடுகிற சத்தத்தை வைத்தே எந்தச் சக்கரம் தேய்ந்திருக்கிறது என்று கண்டுபிடிப்பதை அவன் விளக்குவான். அவள் கன்னத்தில் கைவைத்துக் கேட்பாள். ஐயோ, போதும்டா என்று எனக்கு இருக்கும். கம்மலைத் திருகுவேன். குழாயை மூடினமாதிரி நின்றுவிடுவான். நான் உடனே வெயில், விலைவாசி, அவளுடைய புருவம் என்று எதையாவது இழுத்துப்போட்டுப் பேசுவேன். அவள் ஒரு கணம் அவனையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு என் பக்கம் திரும்புவாள். நாளெல்லாம் முகங்களோடு மாரடிக்கிற எனக்கு, அந்த முகத்தில் இருந்தது என்னவென்று புரியவில்லை.

புரியாமலே மனதுக்குள் கல்யாணம் வரை போய்விட்டேன்.

போன மாதம் ஒரு ஞாயிறு. அவள் டீயைத் தொடவே இல்லை. அப்பா இறந்து ஒரு வருடம் ஆகிறது என்றாள்.

"கடைசிக் காலத்துல அவர் என்கூடப் பேசறதையே விட்டுட்டாருக்கா. பேசிட்டே இருப்பாரு, சட்டுனு நிறுத்திடுவாரு. கூப்பிட்டாத் திரும்பக்கூட மாட்டாரு. கோவம்னு நெனச்சு நானும் வீம்பா இருந்துட்டேன். இப்போ தோணுது, காது கேக்காமப் போயிருக்குமோன்னு. ஊர்ல இருக்கிற காதையெல்லாம் பார்க்கிறேன், எங்கப்பா காதைப் பார்க்கல. கோவமா, கேக்கலையா? இனி யார்கிட்டப் போய்க் கேப்பேன்?"

நான் அவள் கையைப் பிடித்தேன். தம்பி நிமிர்ந்தான்.

"கரண்ட் போனப்போ அவர் திரும்பிப் பார்த்தாரா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பெற்ற அப்பா செத்ததைச் சொல்லி அழுகிறாள், இவன் கரண்ட்டைப் பற்றிக் கேட்கிறான்.

"ஏன்னா, கரண்ட் போனா—"

கம்மலைத் திருகினேன். நின்றுவிட்டான்.

"என்ன? சொல்லுங்க" என்றாள் அவள்.

அவன் என்னைப் பார்த்தான். என் கை இன்னும் காதில்தான் இருந்தது. கண்ணைத் தாழ்த்தி டம்ளரைப் பார்க்க ஆரம்பித்தான். அவள் காத்திருந்தாள். நான் கையை எடுத்திருக்கலாம், எடுக்கவில்லை. கடைசியில் அவள் எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டாள்.

"இனிமே நான் வரல. நீங்களும் என்னைப் பார்க்க வர வேண்டாம்" என்று அவனிடம் சொல்லிவிட்டுப் போனாள்.

கதவைச் சாத்திவிட்டு வந்தவன் என் எதிரே நின்றான். "அக்கா, நீ திருகின. நான் நிறுத்தினேன். சரியாத்தானே செஞ்சேன்?"

"சரியாத்தான்டா செஞ்ச."

"அப்போ அவங்க ஏன் 'சொல்லுங்க'ன்னாங்க?"

"போய் அவகிட்டப் பேசுடா" என்றேன்.

"வர வேண்டாம்னு சொன்னாங்களே."

"சில சமயம் வர வேண்டாம்னா வாங்கன்னு அர்த்தம்."

"அப்போ வாங்கன்னா?" என்றான். கேலி இல்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டான்.

அடுத்த ஞாயிறும் அவளுக்கு நாற்காலி போட்டான். "வரலன்னுதான் சொன்னாங்க. நாற்காலி போட வேண்டாம்னு சொல்லல" என்று அதன் எதிரே உட்கார்ந்திருந்தான். எனக்குச் சோறு இறங்கவில்லை. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். என் கடையில் நாலு சுவரிலும் கண்ணாடி, எந்தப் பக்கம் திரும்பினாலும் அந்தக் கம்மல்தான் தெரிந்தது. ஒரு வாடிக்கையாளரின் புருவத்தைத் தேவைக்கு மேல் எடுத்துவிட்டு, அவர் திட்டத் திட்ட நிம்மதியாக இருந்தது. யாராவது திட்டினால் தேவலை என்றிருந்தேன்.

அவனிடம் கேட்டும் பார்த்தேன். "அன்னைக்கு என்னடா சொல்ல வந்த?"

"அது அவங்ககிட்டச் சொல்ல வேண்டியது" என்றான்.

காதுக்காரியைத் தேடிப் போனேன். தனியாகப் பேச வேறு இடமில்லாமல் பரிசோதனை அறைக்குள் கூட்டிப்போனாள். கனத்த கதவு, சுவரெல்லாம் மெத்தை. என் மூச்சே எனக்குக் கேட்டது. பொய் சொல்லத் தோதான இடம் இல்லை.

"அவனுக்கு ஆட்டிசம்மா. உன்கிட்ட மறைச்சுட்டேன்."

"முதல் நாள் டீ குடிக்கும்போதே சொல்லிட்டாருக்கா."

எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. இத்தனை நாளும் நான் யாருக்காக, எதை மறைத்துக்கொண்டிருந்தேன்? கம்மல் விஷயத்தைச் சொன்னேன். அவள் என் காதையே வெறித்துப் பார்த்தாள்.

"அவர் கேட்டது நல்ல கேள்விக்கா. என்னை யாரும் அப்படிக் கேட்டதில்ல. மேல சொல்லுங்கன்னேன், கண்ணைத் திருப்பிக்கிட்டாரு. ஒவ்வொரு வாரமும் அப்படித்தான், பேசிட்டே இருப்பாரு, சட்டுனு நின்னுடும். எங்கப்பாவும் அப்படித்தானே நிறுத்தினாரு? இன்னொரு தடவை என்னால முடியாதுன்னுதான் வந்துட்டேன்."

அந்த அறை என்னை அழவும் விடவில்லை. சிறு விம்மல்கூடப் பெரிதாகக் கேட்டது.

"ஞாயித்துக்கிழமை வரேன்" என்றாள். "ஆனா மன்னிப்பை என்கிட்டக் கேக்காதீங்க."

அன்று வீட்டுக்குப் போனதும் தம்பியிடம் சொன்னேன். "தப்பு என்மேலடா. இனிமே கம்மல் கிடையாது."

அவன் யோசித்தான். "நீ திருகினப்பல்லாம் அவங்களுக்குப் போதும்னு இருந்துச்சா?"

"இல்ல."

"ஒரு தடவையாவது?"

"ஒரு தடவைகூட இல்லடா."

"ஓ" என்றான். திட்டவில்லை. கை கழுவிவிட்டுத் தட்டு எடுத்துவந்தான், எனக்கும் சேர்த்து.

ஞாயிற்றுக்கிழமை கம்மலைக் கழற்றி அலமாரியில் வைத்துவிட்டு உட்கார்ந்தேன். அவள் வந்தாள், போட்டிருந்த நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"கரண்ட் போனப்போ கூப்பிட்டா அப்பா திரும்பிப் பார்த்திருக்காரு" என்றாள். "அதுக்கு மேல என்ன சொல்ல வந்தீங்க?"

அவன் முகம் மலர்ந்தது. "கரண்ட் போனா ஃபேன் சத்தம் நின்னுடும். நின்னுட்டா—"

அவள் கண் நிறைவதைப் பார்த்தேன். என்னை அறியாமல் என் கை காதுக்குப் போய்விட்டது. கம்மல் இல்லாத வெறும் காதை விரல்கள் தடவின. அவன் நிறுத்திவிட்டான்.

"அதான் கிடையாதுன்னு சொன்னேனேடா!" என்று கத்தினேன்.

"எனக்குத் தெரியுதுக்கா. நாக்குக்குத் தெரியல."

கைகளைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டேன். அவன் மறுபடி வாயைத் திறந்தான். கண் அவளிடம் போகாமல் என் காதுக்கு வந்தது. மறுபடியும் நின்றது. அவளும் என்னைப் பார்த்தாள். அந்த மேசையில் அதிகப்படியாக இருந்தது யார் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

எழுந்தேன். வெளியே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு படியில் உட்கார்ந்தேன். முதலில் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு அவன் குரல் வந்தது. வார்த்தை பிடிபடவில்லை. ஆனால் நிற்காமல் போய்க்கொண்டே இருந்தது. நடுவே அவள் அழுதாள், அப்போதும் அவன் நிறுத்தவில்லை. பிறகு அவள் ஏதோ கேட்டாள், அவன் பதில் சொன்னான்.

என்னதான் சொல்கிறான்? கதவில் காதை வைத்தால் கேட்டிருக்கும். கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து, படியிறங்கித் தெருவுக்குப் போனேன்.