பின்சீட்டு வெல்டர்

எங்கள் வீட்டு மோட்டார் சைக்கிளை ஓட்டுவது என் வீட்டுக்காரர், பார்த்துக்கொள்வது நான். இதைக் கேட்டு யாருக்காவது சிரிப்பு வந்தால் தாராளமாகச் சிரித்துக்கொள்ளட்டும். உதிரி பாகக் கடை கவுன்ட்டரில் நிற்பவள் நான். வண்டியைக் குற்றுயிரும் குலையுயிருமாக ஆக்கிவிட்டு வருகிறவர்களிடம் நாள் முழுக்கக் கத்திக் கத்தியே என் தொண்டை இப்படி ஆகிவிட்டது.

"அக்கா, செயின் கரகரன்னு சத்தம் போடுது" என்று வருவார்கள்.

"துடைச்சீங்களா?"

"எண்ணெய் விட்டேன்க்கா."

"துடைச்சீங்களான்னு கேட்டேன். அழுக்கு மேலேயே எண்ணெய ஊத்துனா அது எண்ணெய் இல்ல தம்பி, சேறு. முதல்ல மண்ணெண்ணெய் தொட்டுத் துடைங்க, காய விடுங்க, அப்புறம் உள்பக்கமா சொட்டுச் சொட்டா விடுங்க. விரலால தூக்கிப் பாத்தா கொஞ்சம் ஆடணும். தொங்கக் கூடாது, விறைச்சுக்கிட்டும் நிக்கக் கூடாது. புரியுதா?"

புரிந்தது என்று தலையாட்டிவிட்டுப் போவார்கள். அடுத்த மாதம் அதே சேற்றோடு வருவார்கள். நானும் அதே கத்தலைக் கத்துவேன்.

ஊரார் வண்டிக்கே இத்தனை அக்கறை என்றால் என் வீட்டு வண்டி எப்படி இருக்கும்? ஞாயிறு காலையில் வாசலில் பழைய சாக்கை விரித்து உட்கார்ந்துவிடுவேன். செயின், பிரேக், கிளட்ச் கேபிள், பிளக், ஆயில், எல்லாம் முறையாக நடக்கும். என் கை கிரீஸாக இருக்கும் என்பதால் டயரில் காற்றுப் பார்ப்பது மட்டும் அவர் வேலை. காற்றழுத்தம் காட்டும் கேஜை வால்வில் வைத்து அழுத்தி, "இருபத்தெட்டு, சரியா இருக்கு" என்பார். அதோடு அவர் பங்கு முடிந்தது. அப்புறம் தேநீர்க் குவளையோடு படியில் உட்கார்ந்து என்னை வேடிக்கை பார்ப்பார்.

இவர் வெல்டர். கதவும் கிராதியும் செய்கிற பட்டறை ஒன்றில் வேலை. இவர் வைத்த இணைப்பைத் தடவிப் பார்த்தால் இரண்டு இரும்பு என்று சொல்ல முடியாது. இதை நான் கட்டிய புருஷன் என்பதற்காகச் சொல்லவில்லை. பட்டறை முதலாளியே சொல்வார், அவர் வாயிலிருந்து லேசில் நல்ல வார்த்தை வராது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை முடிந்ததும் வழக்கம்போல வண்டியில் ஏறி உட்கார்ந்து கண்ணாடிகளைப் பார்த்தேன். எனக்கும் அவருக்கும் ஒரே உயரம். கல்யாணத்தில் அவருடைய அக்கா இதைப் பெரிய குறையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தார். எனக்கு அதில் ஒரு வசதி: நான் உட்கார்ந்து வைக்கிற கண்ணாடி அவருக்கும் சரியாக இருக்கும். தோள் ஓரம் கொஞ்சம், மிச்சமெல்லாம் பின்னால் வரும் தெரு. அன்றைக்குத் தெருவைக் காணோம். எதிர் வீட்டு மொட்டை மாடியில் காயப் போட்ட போர்வைதான் தெரிந்தது.

"கண்ணாடிய யாருங்க திருப்பினது?"

"எங்கயாவது இடிச்சிருக்கும்" என்றார் படியிலிருந்து.

ஒன்று இடிக்கலாம். இரண்டும் ஒரே அளவில் மேலே பார்த்துக்கொண்டு இடிக்குமா? ஏதோ நினைப்பில் சரிசெய்துவிட்டு விட்டுவிட்டேன். அடுத்த ஞாயிறும் அதே போர்வை. இந்த முறை குனிந்து பின்னால் பார்த்தேன். பின்சீட்டுக்காரர் கால் வைக்கிற ஃபுட்ரெஸ்ட் இரண்டும் விரிந்திருந்தன. நான் எப்போதாவது ஏறினால்தான் அவற்றுக்கு வேலை. மற்ற நாளெல்லாம் மடித்த இடத்தில் தூசி பிடித்துக் கிடக்கும். இப்போது ரப்பர் பளபளவென்று இருந்தது. சீட்டின் பின்பாதியும் பளபளப்பு.

தினமும் யாரோ பின்னால் ஏறுகிறார்கள். சரி. ஆனால் கண்ணாடியை இவ்வளவு மேலே திருப்புகிற அளவுக்கு, முன்னால் உட்காருகிற ஆள் ஏன் திடீரென்று வளர்ந்துவிட்டார்?

மனசு இருக்கிறதே, அது சும்மா இருக்குமா? நெடுநெடுவென்று வளர்ந்த ஒரு பெண் என் வண்டியை ஓட்ட, என் வீட்டுக்காரர் பின்னால் உட்கார்ந்து பல்லைக் காட்டிக்கொண்டு போவது வரைக்கும் கற்பனை செய்துவிட்டேன். அன்று குழம்பில் உப்புப் போட மறந்துபோனேன். அவர் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டார். அதுவே சந்தேகமாக இருந்தது.

திங்கட்கிழமை அவர் கிளம்பியதும் கதவைப் பூட்டிவிட்டு நானும் கிளம்பினேன். வழக்கமாக நான் வாசலில் நின்று அவர் தெரு திரும்பும் வரை பார்ப்பேன். திரும்பியதும் உள்ளே போய்விடுவேன். அன்று உள்ளே போகாமல் சந்து வழியாகக் குறுக்கே நடந்தேன். வண்டி நத்தை மாதிரி ஓரமாக ஊர்ந்து போனதால் ஓட வேண்டிய அவசியமே இருக்கவில்லை.

சலவைக் கடைக்கு முன்னால் வண்டி நின்றது. சுவரோரம் ஒரு ஆள் காத்துக்கொண்டிருந்தான். பட்டறையில் பெயின்ட் அடிக்கிற நெட்டை. வீட்டுக்கு வந்தால் நிலைப்படியில் நெற்றியை இடித்துக்கொள்ளாமல் போகமாட்டான், அப்படி ஒரு உயரம். என் வீட்டுக்காரர் இறங்கினார். நெட்டை முன்னால் ஏறி, கண்ணாடி இரண்டையும் மேலே திருப்பினான். இவர் பின்னால் ஏறி அவன் தோளைப் பிடித்துக்கொண்டார். ஏறும்போது ஃபுட்ரெஸ்ட்டைக் காலால் துழாவினார். ஒரு முறை தவறி, மறுமுறை கண்டுபிடித்தார்.

பெண் இல்லை என்றதும் முதலில் சிரிப்புத்தான் வந்தது. அந்தக் கால் துழாவியது ஞாபகம் வர, சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. எதிரே வெயில் பளீரென்று அடித்துக்கொண்டிருந்தது. ஃபுட்ரெஸ்ட் ஒளிந்துகொள்கிற அளவு சின்னப் பொருளும் இல்லை.

கடையில் அன்று யாரையும் நான் திட்டவில்லை. உடம்புக்கு முடியலையா அக்கா என்று இரண்டு பேர் கேட்டார்கள்.

சாயங்காலம் அவர் வந்து வண்டியை நிறுத்திவிட்டு முகம் கழுவப் போனார். நான் முன் டயரின் வால்வைத் திறந்து காற்றை வெளியே விட்டேன். பாதிக்கு மேல் போயிற்று. கேஜை எடுத்து வைத்துக்கொண்டு கூப்பிட்டேன்.

"என்னங்க, முன் டயர ஒரு தடவ பாத்துடுங்க. காத்து எவ்வளவுன்னு பாருங்க. என் கை அழுக்கு."

வந்து உட்கார்ந்தார். வால்வைக் கையால் தடவிக் கண்டுபிடித்து, கேஜை வைத்து அழுத்தினார். முகத்துக்கு நேரே தூக்கிப் பார்த்தார். முள் பன்னிரண்டில் நின்றது. நான் நின்ற இடத்திலிருந்தே எனக்குத் தெரிந்தது.

"இருபத்தெட்டு. சரியா இருக்கு" என்றார்.

சாக்கு விரிக்காத தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். எத்தனை ஞாயிறாக இந்த இருபத்தெட்டு? நான் உள்ளே போயிருந்த நேரத்தில் கட்டைவிரலால் டயரை அமுக்கிப் பார்த்தே காற்றடித்து வைத்திருக்கிறார்.

"என்ன, சத்தத்தையே காணோம்?" என்றார். பிறகு டயரைக் கையால் அமுக்கினார். விரல் உள்ளே போயிற்று. அமுக்கியபடியே இருந்தார்.

"எப்போலேருந்து?" என்றேன்.

"மழைக்கு முன்னாடிலேருந்து. பனி மூடின மாதிரி இருக்கு. எதிர்ல விளக்கு வந்தா ஒண்ணுமே தெரியல."

"அப்படி இருந்தும் ரெண்டு தெரு தினமும் ஓட்டியிருக்கீங்க! சின்னப் பிள்ளைங்க விளையாடுற தெரு! எனக்கு வேஷம் காட்டுறதுக்காக யாரு மேலயாவது ஏத்தியிருந்தா? புத்தி இருக்கா உங்களுக்கு?"

"மெதுவாத்தானே போனேன்."

"மெதுவா ஏத்தினா வலிக்காதா?"

எனக்குக் கத்தவும் வந்தது, அழவும் வந்தது. எது முதலில் என்று தெரியாமல் இரண்டையும் செய்தேன். பக்கத்து வீட்டு ஜன்னல் ஒன்று திறந்து, நான் திரும்பிப் பார்த்ததும் மூடிக்கொண்டது.

"வேலை எப்படிப் பண்றீங்க?"

"கைப் பழக்கம். முடிச்சதும் நெட்டை பாத்துச் சொல்லுவான். எங்கயாவது விட்டிருந்தா மறுபடி போடுவேன்." கேஜைக் கையில் உருட்டிக்கொண்டே இருந்தார். "டாக்டர்கிட்ட போனா வெல்டிங்க விடுன்னு சொல்லிடுவாரு. அத விட்டுட்டு நான் என்ன பண்றது, சொல்லு. பட்டறை கேட்டுக்குப் பக்கத்துல ஸ்டூல் போட்டு உக்கார வைப்பாங்க. வர்றவன் போறவன் எல்லாம் பாவம்னு பாப்பான். உன்கிட்ட சொன்னா நீ அடுத்த நிமிஷமே தரதரன்னு இழுத்துட்டுப் போயிடுவ. அதான் சொல்லல."

அது உண்மைதான். இழுத்துக்கொண்டுதான் போயிருப்பேன். சுருக்கென்று குத்தியது. வண்டியில் சின்னச் சத்தம் வந்தாலும் கண்டுபிடிப்பவள் என்று பேர் வாங்கினேன். எதிரே உட்கார்ந்து சாப்பிட்ட மனுஷன் தட்டைத் தடவிக்கொண்டிருந்ததைப் பார்க்கவில்லை. உப்பில்லாத குழம்புக்கு அவர் வாயைத் திறக்காததும் பயத்தால்தான். ஒன்றைச் சொன்னால் எல்லாம் வந்துவிடுமே என்று.

மறுநாள் கடைக்கும் பட்டறைக்கும் லீவு. கண் மருத்துவமனைக்கு நான்தான் ஓட்டினேன். லைசென்ஸ் வாங்கி வைத்திருந்தேனே தவிர, பழுது பார்த்த பின் தெருவைச் சுற்றி வருவதோடு என் சவாரி முடிந்துவிடும். பெரிய சாலையில் ஏறியதும் கிளட்ச்சை விடாமல் பிடித்துக்கொண்டேன்.

"கிளட்ச்ச பாதில பிடிச்சே வச்சிருக்கியா?" என்றார் பின்னாலிருந்து. "விட்டுடு. தட்டு தேஞ்சிடும்னு ஊரெல்லாம் கத்துவியே."

"வாய மூடிட்டு வாங்க."

"ரெண்டு பிரேக்கையும் சேத்துப் பிடி. முன்னாடி மட்டும் பிடிக்காத."

"இறக்கி விட்டுடுவேன்."

என் தோளைப் பிடித்திருந்த அவர் கை ஒவ்வொரு லாரி கடக்கும்போதும் இறுகியது.

டாக்டரம்மா கண்ணில் விளக்கடித்துப் பார்த்தார். "புரை இருக்கு. வலது கண்ணுல கூடுதல். உள்ள போய் எழுத்துப் படிங்க. எழுத்து ஓரளவு தெரிஞ்சா இப்போதைக்கு ஆபரேஷன் வேணாம், கண்ணாடி எழுதி அனுப்பிடுவேன். தெரியலன்னா எடுத்துடலாம். எடுத்தா நல்லா தெரியும், பயப்பட ஒண்ணுமில்ல."

"வெல்டிங்?" என்று இவர் கேட்டார்.

"கண்ணு ஆறின பிறகு அதப் பேசலாம். இப்பவே வாக்குக் கொடுக்க முடியாது."

எழுத்து அட்டை மாட்டிய அறையில் வரிசை நின்றது. முன்னால் இருந்தவர்கள் ஒவ்வொருவராக உட்கார்ந்து சத்தமாகப் படித்தார்கள். இவர் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். கண் கூசுகிறது போல என்று நினைத்தேன். பிறகு பார்த்தால் உதடு அசைகிறது. முன்னால் இருப்பவர் படிக்கப் படிக்க, இவர் உள்ளுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருக்கிறார். பரீட்சைக்குப் போகிற பள்ளிக்கூடப் பிள்ளை தோற்றான்!

எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. அந்த இடத்திலேயே நாலு பேர் முன்னால் போட்டு உடைத்திருப்பேன். அவர் முகத்தைப் பார்த்தேன். அப்படி ஒரு பயம் அதில். நான் உடைத்தால் ஆபரேஷன் நடக்கும், ஆனால் இழுத்துக்கொண்டு வந்ததாக ஆகிவிடும். பல்லைக் கடித்துக்கொண்டு சுவரோரம் நின்றேன். என் ஆயுளில் இவ்வளவு நேரம் நான் வாயை அடக்கியதில்லை.

அவர் முறை வந்தது. உட்கார்ந்தார். உதவியாளர் பெண் ஒரு கண்ணை மூடச் சொன்னாள்.

"மேல் வரி படிங்க."

படித்தார். ஒரு எழுத்துத் தப்பில்லை.

"அடுத்தது."

அதையும் கடகடவென்று சொன்னார். "நல்லா தெரியுதே" என்றாள் அவள், எழுதிக்கொண்டே. "மூணாவது வரி?"

முதல் எழுத்தைச் சொன்னார். அதோடு நின்றுவிட்டது. மறந்துபோயிற்று என்றுதான் நினைத்தேன். மறக்கவில்லை. தலையைத் திருப்பி என்னைத் தேடினார். நான் அங்கிருந்து நகர்ந்து கதவுப் பக்கம் வந்திருந்தேன். அவர் பார்த்தது சுவரை.

"எங்க இருக்க?" என்றார்.

"இங்கதாங்க."

குரல் வந்த திசைக்குத் திரும்பினார்.

"தெரியல" என்றார். "ஒரு எழுத்தும் தெரியல. கேட்டு மனப்பாடம் பண்ணினேன்."

இத்தனை வருஷக் குடித்தனத்தில் தெரியல என்று அவர் சொல்லி நான் கேட்டதேயில்லை. உதவியாளர் பெண் எழுதியதை அடித்துவிட்டு என்னைப் பார்த்தாள். போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"இன்னொரு கண்ணையும் பாத்துடலாமா?" என்று கேட்டாள்.

"பாருங்கம்மா" என்றார் அவர்.