நெட்டை வாசித்த எட்டுப் பாட்டு

வாரத்துக்கு நாற்பது ஆல்பம் வரும். அதில் ஐந்தைப் பொறுக்கி, ‘இந்த வாரம் கேட்க வேண்டியவை’ என்று வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குள் இணைய இதழில் ஏற்றியாக வேண்டும். இண்டி, ஆல்டர்நேட்டிவ் ராக் வகை இசை மட்டும். கீழே ‘தவிர்க்கலாம்’ என்று ஒன்று. ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கும் அக்காவுக்கு இரண்டு வருடமாக இது உபரி வேலை. ஆல்பங்களை போனில் இறக்கிக்கொண்டு, பேருந்தில் போகும்போதும் வரும்போதும் கேட்பாள்.

அந்த வாரம் முப்பத்தோராவதாக வந்தது தங்கையின் ஆல்பம்.

தங்கை பாடுகிறாள், கிதார் வாசிக்கிறாள். அவள் குழுவில் ஆறு வருடம் டிரம்ஸ் வாசித்தது அக்காதான். கூடத்தில் ஷிஃப்ட் மாறியதும் ஒத்திகைக்குப் போக முடியவில்லை. “கொஞ்ச நாளைக்கு வேற யாரையாவது வெச்சுக்கோ” என்று அவளே சொன்னாள். யாரும் கிடைக்க மாட்டார்கள் என்ற தைரியத்தில் சொன்னது. மூன்றே நாளில் நெட்டை கிடைத்துவிட்டாள்.

நெட்டை ஆறடிக்குக் கொஞ்சம் குறைவு. அன்றிலிருந்து வீட்டில் நெட்டை புராணம்தான். நெட்டைக்குத் தாளம் தட்டிக் காட்டும் மெட்ரோனோமே தேவையில்லை, நெட்டை ஒரு தடவை கேட்டால் போதும், நெட்டை டீக்குச் சர்க்கரை போடுவதில்லை. அக்கா தன் டீயில் ஒரு கரண்டி கூட்டிக்கொண்டாள்.

பட்டியலில் வந்தால்தான் சின்ன அரங்குக்காரர்கள் மேடை கொடுப்பார்கள். அது தங்கைக்குத் தெரியும். ஆனாலும் அவள் சிபாரிசு கேட்கவில்லை. எல்லோரையும் போல படிவம் நிரப்பித்தான் அனுப்பியிருந்தாள்.

புதன்கிழமை பேருந்தில் அக்கா கேட்டாள். எட்டுப் பாட்டு. டிரம்ஸ் ஒரு பாட்டில் இடித்தது, அடுத்ததில் காணாமல் போனது, மறுபடி இடித்தது. இரண்டாம் முறையும் அப்படியே. வெகு நாளைக்குப் பிறகு அவளுக்கு மனசு குளிர்ந்தது. ‘தவிர்க்கலாம்’ பகுதிக்கு எழுதினாள்: ‘குரல் நன்று. டிரம்ஸ் வாசிப்பவர் நடுநடுவே எழுந்து போய்விட்டு வருகிறார் போலிருக்கிறது. பாட்டுகளின் வரிசைக்கு யாரும் பொறுப்பேற்கவில்லை.’ அன்றே அனுப்பியும் விட்டாள். பாடுவது யார் என்று இதழ் ஆசிரியரிடம் சொல்லவில்லை.

வியாழன் மாலை தங்கை துணி தேய்த்துக்கொண்டிருந்தாள்.

“கேட்டியாக்கா?”

“நாப்பது இருக்கு. பாக்கலாம்.”

“பாரு தாயே. நான் ஒண்ணும் கேக்கல.” ஸ்பீக்கரில் ஆல்பத்தைப் போட்டாள்.

“இது அஞ்சாவது பாட்டுல்ல?”

“ஆரம்பமே இதுதான். நீ எங்க கேட்ட? சும்மா அளக்காத.”

அக்கா போனை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். தங்கை கோப்புகளுக்கு எண் போடாமல் அனுப்பியிருந்தாள். போன் அவற்றை அகரவரிசையில் அடுக்கியிருந்தது. ஒவ்வொரு ஆல்பத்துக்கும் வரிசையைச் சரிபார்ப்பது அக்காவின் வழக்கம். மற்ற முப்பத்தொன்பதுக்கும் பார்த்திருந்தாள்.

ஸ்பீக்கரில் ஓடுவதை அறைக்குள்ளிருந்தே கேட்டாள். முதல் மூன்று பாட்டில் நெட்டை காலால் மட்டும் வாசித்தாள், மாடியில் யாரோ நடப்பது போல. நாலாவது பாட்டின் பாதியில் இரண்டு கையும் இறங்கின. கட்டில் சட்டம் அதிர்ந்தது. அக்காவாக இருந்தால் முதல் பாட்டிலேயே எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்திருப்பாள். அது அவளுக்கே தெரிந்தது.

பேசாமல் விட்டுவிடலாம். ஆனால் இது, ரத்த மாதிரிகள் மாறிப்போய் எழுதின அறிக்கை. ஒருவர் ரத்தத்துக்கு இன்னொருவர் பெயர். கூடத்தில் அப்படிச் செய்தால் வேலை போய்விடும்.

வெள்ளி காலை எட்டரைக்கு ஆசிரியரைக் கூப்பிட்டாள்.

“சார், தவிர்க்கலாம்ல இருக்கறத அஞ்சுல போடணும். பாட்டு வரிசை மாறிப்போய்க் கேட்டுட்டேன்.”

“நீயா? தெரிஞ்சவங்களா?”

“தங்கச்சி.”

“இத அனுப்பும்போதே சொல்றதுக்கென்ன? சரி, முதல் வரியிலயே அத எழுதிடு. நானும் கேட்டுப் பாக்கறேன்.”

எழுதி அனுப்பினாள். ஒரு மணி நேரத்தில் அவரே கூப்பிட்டார்.

“கேட்டேன். போடலாம். ஆனா நீ குரலப் பத்தி எழுதியிருக்க, கிதாரப் பத்தி எழுதியிருக்க, அட்டைப்படத்தைக்கூட விடல. டிரம்ஸ மட்டும் காணோமே. அந்தப் பொண்ணு உனக்கு என்ன பண்ணுச்சு?”

“ஒண்ணும் பண்ணல சார். அனுப்பறேன்.”

அடித்து அடித்து எழுதியதில் இரண்டு வாக்கியம் மிஞ்சியது. ‘இந்தக் குழுவில் முன்பு நான் டிரம்ஸ் வாசித்தேன். இப்போது வாசிப்பவர் என்னைவிட நன்றாக வாசிக்கிறார்.’

“முதல் வாக்கியத்த எடுத்துடவா? இடம் பத்தல.”

“எடுத்தா ரெண்டையும் எடுத்துடுங்க.”

ஆசிரியர் சிரித்தார். இரண்டையும் விட்டுவைத்தார்.

பத்து மணிக்கு தங்கை போனைப் பார்த்தபடியே சமையலறை வாசலில் வந்து நின்றாள். ஒரு முறை படித்தாள். மறுபடி படித்தாள். அக்கா கழுவிக்கொண்டிருந்த பாத்திரத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை. தங்கை ஏதாவது சொல்வாள் என்று காத்திருந்தாள்.

“ஏய் நெட்ட, எங்கடி இருக்க? உக்காந்துக்கோ, ஒண்ணு படிக்கறேன்.” தங்கை ஏற்கெனவே போனில் பேசிக்கொண்டிருந்தாள். டிரம்ஸ் பற்றிய இரண்டு வாக்கியத்தில் முதலாவதைத் தாண்டி இரண்டாவதைப் படித்தாள். “யாரவிடவா? எங்க அக்காவவிட. ஆமாடி, அவளே எழுதியிருக்கா.”

அக்கா குழாயை முழுசாகத் திறந்துவிட்டாள்.