பத்து மணி ஜூஸ்

சகாயசெல்விக்குக் கோபம் வந்தால் வாய் முந்திக்கொள்ளும். யோசனை மூச்சிரைக்கப் பின்னால் ஓடி வரும். மேஸ்திரி ஜெயப்பிரகாஷிடம் அவள் பந்தயம் கட்டியதும் அப்படித்தான்.

அதற்கு முந்தின நாள், தலையில் உப்புக் கூடையோடு அமராவதி அக்கா வரப்பிலேயே சுருண்டு விழுந்திருந்தாள். மே மாதத்தில் மரக்காணம் உப்பளம் எப்படியிருக்கும் என்று கேட்டால், மேலே அடிக்கிற வெயிலைக் கீழே உப்பு வாங்கி முகத்திலேயே திருப்பி அடிக்கும் என்றுதான் சொல்ல வேண்டும். காலை ஐந்து மணிக்கு இறங்குகிற பன்னிரண்டு பெண்கள் பகல் பன்னிரண்டு வரை நிற்காமல் வேலை செய்வார்கள். நீளப் பிடி போட்ட பலகையால் பாத்தியிலிருக்கும் உப்பை வாரிக் கரையேற்றி, ஈரம் வடிந்ததும் கூடையில் அள்ளி, ரோட்டோரக் குவியலில் கொண்டுபோய்க் கொட்ட வேண்டும். தண்ணீர் குடிப்பதானால் நடந்துகொண்டே குடிக்கலாம். உட்காரக் கூடாது. எந்தச் சட்டத்திலும் அப்படி எழுதியிருக்கவில்லை. உட்கார்ந்த பெண்பிள்ளை லேசில் எழுந்திருக்க மாட்டாள் என்பது ஜெயப்பிரகாஷின் அசைக்க முடியாத நம்பிக்கை, அவ்வளவுதான்.

அமராவதி விழுந்தபோதுகூட அவர் கெட்டவராக நடந்துகொள்ளவில்லை. தன் பைக்கிலேயே வீடு வரை கொண்டுபோய் விட்டார். மறுநாள் காலை அவள் வேலைக்கு வந்ததும், "முடியலைன்னா வீட்டோட இரும்மா, வேற ஆளைப் போட்டுக்கிறேன்" என்றார். அதுதான் செல்விக்குச் சுருக்கென்று குத்தியது.

"ஏங்க மேஸ்திரி, ஆளை மாத்துவீங்க, வெயிலை மாத்துவீங்களா? பத்து மணிக்கு அரை மணி நேரம் உக்கார விடுங்க. ஜூஸ் நான் போட்டு எடுத்தாறேன். வேலை குறையாது."

"குறைஞ்சா?"

"குறையாதுன்றேன்ல?"

ஜெயப்பிரகாஷ் சிரித்தார். "சரி, நாளைக்கே பாத்துடலாம். தினம் பன்னெண்டு மணிக்குப் பதினாலு பாத்தி காலியாவுது. நாளைக்கும் பதினாலு காலியாயிட்டா, சீசன் முடியுற வரைக்கும் தினம் அரை மணி நேரம் உங்களுது. ஒன்னு குறைஞ்சுதுன்னாலும், ரெஸ்ட்டுன்ற பேச்சை எவளும் எடுக்கக் கூடாது. அமராவதியும் வேலையை விட்டு நின்னுக்கணும்."

"சரி" என்று செல்வி சொல்லி முடித்த பிறகுதான், மற்ற பதினோரு பேரும் தன்னையே பார்ப்பது அவளுக்குத் தெரிந்தது.

"ஏண்டி, எங்களை ஒரு வார்த்தை கேட்டியா?" என்றாள் அமராவதி. திட்டுகிற குரல் இல்லை. பயந்த குரல். அவளுக்கு இந்த வேலை போனால் வேறு வேலை கிடையாது.

அன்று மாலை செல்வி தர்பூசணி வாங்கினாள். ஒரு கட்டுப் புதினா, இஞ்சி, எலுமிச்சை, ஊறப்போட சப்ஜா விதை எல்லாம் வாங்கினாள். விடிகாலையில் அவள் மிக்சி போட்ட சத்தத்தில் தெருவே எழுந்துகொண்டது. இருபது லிட்டர் பிடிக்கிற எவர்சில்வர் குடம். பழச்சாறு, புதினாவும் இஞ்சியும் சேர்த்து அரைத்த பச்சைச் சாறு, எலுமிச்சை, ஐஸ். ருசி பார்த்தாள். தேவாமிர்தம். உப்பு மட்டும்தான் பாக்கி.

இங்கேதான் வினை வந்தது. கடையில் வாங்கிய பாக்கெட் உப்பு அடுப்படியில் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. ஆனால் உப்பளத்துக்காரியின் கௌரவம் என்று ஒன்று இருக்கிறதே! முந்தின நாள் தன் கையால் வாரிய உப்பிலேயே வெள்ளை வெளேரென்று இருந்ததைப் பாத்தியின் தண்ணீரோடு ஒரு டப்பாவில் அள்ளிக்கொண்டு வந்திருந்தாள். நம் கை உப்பு, நம் கை ஜூஸ், நம் ஜெயிப்பு என்பது அவள் கணக்கு. வாசலில் ஷேர் ஆட்டோ ஹாரன் அடித்தது. டப்பாவை அப்படியே குடத்தில் கவிழ்த்து, மூடியை அழுத்தி மூடி, குடத்தை ஆட்டோவில் ஏற்றிவிட்டாள். மறுபடி ருசி பார்க்கவில்லை.

அன்று காலை பன்னிரண்டு பேரும் பேய் பிடித்த மாதிரி வேலை செய்தார்கள். பத்து மணிக்குள் பத்து பாத்தி காலியாகிவிட்டது. மேஸ்திரி போனைப் பார்த்து, "பத்தாச்சு. உக்காருங்க, பாக்கலாம்" என்றார். எல்லோரும் குடத்தைச் சுற்றி வரப்பில் உட்கார்ந்தார்கள். உப்பளத்தில் உட்கார்வது எப்படி என்றே தெரியாமல், ஏதோ கல்யாண வீட்டுக்கு வந்தவர்கள் மாதிரி சேலையை இழுத்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்தார்கள்.

முதல் டம்ளர் அமராவதிக்கு. ஒரு வாய் குடித்தவள் அப்படியே துப்பினாள்.

"கசக்குதுடி!"

செல்வி பிடுங்கிக் குடித்துப் பார்த்தாள். நாக்கின் அடியில் வேப்பங்காய் மாதிரி ஒரு கசப்பு இறங்கியது. அவளுக்கு உடனே புரிந்துவிட்டது. புது உப்பு கசக்கும். குவித்து வைத்து, கசப்புத் தண்ணீர் சொட்டுச் சொட்டாக வடிய ஒரு மாதமாவது ஆகும். உப்பளத்தில் பிறந்த குழந்தைக்கும் தெரிந்த விஷயம் இது. அவளோ அந்தக் கசப்புத் தண்ணீரையே டப்பாவோடு குடத்தில் ஊற்றி வைத்திருக்கிறாள். பாக்கெட் உப்பு வாங்கிச் சாப்பிடுகிற எவளும் செய்ய முடியாத தப்பு!

கசப்போடு போனால்கூடப் பரவாயில்லை. அந்தத் தண்ணீர் வயிற்றுக்குள் போனால் பேதிதான். சுற்றிலும் கண்ணுக்கெட்டிய தூரம் வரை வெள்ளை வெட்டவெளி. மறைவுக்கு ஒரு புதர் கிடையாது. பன்னிரண்டு பெண்கள். யோசித்துப் பார்க்கவே செல்விக்கு வியர்த்தது.

"கொட்டிடு" என்றாள் அமராவதி. "ஒருத்தரும் குடிக்காதீங்க."

கூட்டத்திலேயே சின்னவளான தமிழ்நிலா குடத்தைச் சாய்த்தாள். வெள்ளை வரப்பில் சிவப்பு ஓடியது. அதைப் பார்த்தபோது செல்விக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. தனக்காக இல்லை. நாளையிலிருந்து அமராவதி அக்காவுக்கு வேலை இல்லை, தன் வாயாலேயே அதையும் மற்றவர்கள் உட்காரும் உரிமையையும் விற்றுவிட்டோம் என்றுதான்.

"இன்னும் இருவத்தாறு நிமிஷம்" என்றார் மேஸ்திரி. குரலில் கொஞ்சம் சந்தோஷம் இருந்தது. மறைக்கத் தெரியாத மனுஷன்.

அந்தச் சந்தோஷம்தான் செல்வியை எழுப்பியது. "நிலா, குடத்தை நல்ல தண்ணியில நல்லா அலசு! நான் ரோட்டுக்குப் போறேன்!" என்று சொல்லிவிட்டுச் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஓடினாள்.

உப்பளம் முடிகிற இடத்தில், ஈசிஆர் சாலை ஓரமாகக் கீற்றுப் பந்தல் போட்டு நூர் முஹம்மது தர்பூசணி விற்பார். பதினோரு வருஷம் துபாயில் கிடந்துவிட்டு, இனி வெயிலானாலும் நம் ஊர் வெயிலே போதும் என்று வந்தவர். ஓடி வருகிறவளைப் பார்த்து அவர் எழுந்தே விட்டார்.

"என்ன செல்விம்மா, யாரு விழுந்துட்டாங்க?"

"யாரும் விழல பாய். விழக் கூடாதுன்னுதான் வந்தேன்." மூச்சு வாங்க விஷயத்தைச் சொன்னாள்.

நூர் முஹம்மது பேசி நேரத்தை வீணாக்கவில்லை. லாரியிலிருந்து இறக்கும்போது வெடித்துப்போன பழங்கள் பந்தலுக்குப் பின்னால், ஆட்டுக்காரருக்கென்று ஒதுக்கி வைத்தபடி கிடந்தன. காலையில்தான் வெடித்தவை. உள்ளே செக்கச்செவேலென்று இருந்தன. "எடுத்துக்கோம்மா, ஆடு ஒரு நாளைக்குப் பட்டினி கிடக்கட்டும்" என்று ஒரு சாக்கில் போட்டார். சர்பத்துக்கு வைத்திருந்த எலுமிச்சை, புதினா, ஒரு துண்டு இஞ்சி, ஊறின சப்ஜா, பெட்டியில் கிடந்த ஐஸ் எல்லாம் மொபெட்டில் ஏறின. செல்வி பின்னால் சாக்கைக் கட்டிப்பிடித்து உட்கார்ந்தாள். வரப்பில் மொபெட் ஓட்டக் கூடாது என்று மேஸ்திரி போட்ட போர்டைத் தாண்டித்தான் வண்டி உள்ளே வந்தது.

"பதினாறு நிமிஷம்" என்றார் மேஸ்திரி.

மிக்சி கிடையாது. பன்னிரண்டு ஜோடிக் கைகள் இருந்தன. நாலு பேர் பழத்தை வழித்துக் குடத்தில் போட்டுப் பிசைந்தார்கள். விதையை எடுக்க நேரமில்லை. தமிழ்நிலா புதினாவை உள்ளங்கையில் வைத்துக் கசக்கினாள். இஞ்சியைப் பாய் தன் கத்திப் பிடியால் நசுக்கித் தந்தார். எலுமிச்சையில்தான் வேலை நின்றது. முதல் மூடியைப் பிழிந்த செல்வி "ஐயோ" என்று கையை உதறினாள். உப்பு வாரும் கை வெடித்துப் பிளந்திருக்கும். அந்த வெடிப்பில் எலுமிச்சைச் சாறு பட்டால் உயிர் போய்விடும். பன்னிரண்டு பேரில் வெடிக்காத கை ஒன்றுகூட இல்லை. பாய் ஐஸ் உடைத்துக்கொண்டிருந்தார்.

செல்வி சுற்றுமுற்றும் பார்த்தாள். அவள் பார்வை மேஸ்திரி மேல் போய் நின்றது.

"மேஸ்திரி, கையைக் காட்டுங்க."

"எதுக்கு?"

"காட்டுங்களேன்."

காட்டினார். இருபது வருஷமாக உப்பளத்தில் இருக்கிற கை. ஒரு கல் உப்பைத் தொட்டதில்லை. பூ மாதிரி இருந்தது.

"இங்க வெடிக்காத கை உங்களுது ஒன்னுதான். உக்காருங்க. பிழியுங்க."

பெண்கள் முதலில் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள், அப்புறம் திறந்தே சிரித்தார்கள். "நான் எதுக்கும்மா பந்தயத்துல..." என்று இழுத்தார் ஜெயப்பிரகாஷ். அமராவதி ஒரு மூடியை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தாள். அவளை நேராகப் பார்க்க அவருக்கு என்னவோ போலிருந்திருக்க வேண்டும். குந்தி உட்கார்ந்து பதினெட்டு மூடியையும் பிழிந்தார். நன்றாகவே பிழிந்தார். விதை விழாமல் விரலிடுக்கில் பிடித்துக்கொள்ளக்கூடத் தெரிந்திருந்தது.

"உப்பு?" என்றாள் தமிழ்நிலா.

செல்வி ரோட்டோரத்துப் பழைய குவியலுக்குப் போனாள். ஏப்ரல் தொடக்கத்தில் குவித்து ஓலை போட்டு மூடியது. ஓலையை விலக்கி முழங்கை வரை உள்ளே விட்டு, உலர்ந்து பொலபொலவென்று இருந்ததில் ஒரு கைப்பிடி எடுத்தாள். நாக்கில் ஒரு கல்லை வைத்துப் பார்த்தாள். சுத்தமான கரிப்பு. கசப்பு வடிந்துபோயிருந்தது. கலக்கினாள். கலக்கிவிட்டு இந்த முறை ருசி பார்த்தாள், இரண்டு தடவை பார்த்தாள்.

குடிக்கும்போது ஆறு நிமிஷம் மீதி இருந்தது. முதலில் ஐஸின் குளிர்ச்சி பல்லில் ஏறியது, பிறகு பழத்தின் இனிப்பு, தொண்டையில் இஞ்சியின் காரம், கடைசியில் மூக்கு வரை புதினா. சப்ஜா வழுக்கிக்கொண்டு இறங்கியது. விதையை எல்லோரும் தூரத் துப்பினார்கள், யார் விதை அதிக தூரம் போகிறது என்று போட்டியே நடந்தது. அமராவதி மூன்று டம்ளர் குடித்தாள். குடித்துவிட்டு, "எனக்குக் கண்ணே இப்பத்தான் தெரியுது" என்றாள். செல்விக்கு அந்த ஒரு வார்த்தையே போதுமாக இருந்தது. ஆனால் பாத்தி இன்னும் நாலு பாக்கி.

பத்தரைக்கு ஒருத்தியையும் எழுப்ப வேண்டியிருக்கவில்லை. தாங்களே எழுந்தார்கள். மற்ற நாட்களில் பதினோரு மணிக்கு மேல் கால் பின்னும், கூடையை இறக்கிவிட்டுக் கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டு நிற்பார்கள். மேஸ்திரி அதைக் கணக்கில் எடுத்ததே இல்லை. உட்காராதவர்கள் ஓய்வெடுக்கவில்லை என்றே அவர் நினைத்திருந்தார். அன்று ஒருத்தியும் நிற்கவில்லை. பதினொன்றுக்குப் பன்னிரண்டாவது பாத்தி காலி. பதினொன்றரைக்குப் பதிமூன்று. பதினாலாவது பாத்தியின் கடைசிக் கூடையை அமராவதி தூக்கினாள். எல்லோரும் வேண்டாம் என்றார்கள், கேட்கவில்லை. வரப்பில் நிமிர்ந்தே நடந்துபோய்க் குவியலில் கொட்டினாள்.

"மணி என்ன, மேஸ்திரி?" என்றாள் அங்கிருந்தே.

ஜெயப்பிரகாஷ் போனைப் பார்த்தார். மறுபடியும் பார்த்தார். "பதினொன்னு அம்பது."

"பத்து நிமிஷம் கிடக்குதே. பதினஞ்சாவதுல கை வைக்கலாமா?" என்றாள் செல்வி. அவள் வாயைப் பற்றித்தான் நமக்குத் தெரியுமே. கை வைத்தார்கள். பாதிப் பாத்தி வாரியும் விட்டார்கள்.

மறுநாள் பத்து மணிக்குப் பன்னிரண்டு பேரும் உட்கார்ந்தார்கள். குடம் திறந்தது. அப்போதுதான் வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் ஒரு சலசலப்பு கேட்டது. அது வேறொரு முதலாளியின் பாத்திகள். முப்பது பெண்களாவது இருப்பார்கள். அவர்களிடம் ஜூஸும் இல்லை, பேசி வைத்த பந்தயமும் இல்லை. முதலில் ஒருத்தி கூடையைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்தாள். பக்கத்தில் இன்னொருத்தி. கொஞ்ச நேரத்தில் அந்தப் பக்கம் முழுக்க உட்கார்ந்திருந்தது. அவர்களுடைய மேஸ்திரி வரப்பில் மேலும் கீழும் ஓடிக் கத்திக்கொண்டிருந்தார். பிறகு போனை எடுத்தார்.

ஜெயப்பிரகாஷின் போன் அடித்தது. ஸ்பீக்கர் போடாமலே அந்தக் கத்தல் எல்லோருக்கும் கேட்டது. என்னய்யா பண்ணி வச்சிருக்கே, எல்லாத்தையும் நீதான் கெடுத்துட்டே, சாயங்காலம் முதலாளிக்கு யாரு பதில் சொல்றது என்று.

செல்வி கையில் டம்ளரோடு எழுந்து நின்றாள். இந்த மனுஷன் இப்போது என்ன சொல்லப்போகிறார்?

ஜெயப்பிரகாஷ் செல்வியைப் பார்த்தார். அமராவதியைப் பார்த்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"ஏம்பா, கத்தாதே. அரை மணி நேரம் உக்கார விட்டுப் பாரு. வேலை குறையாது. நான் எண்ணிப் பாத்துட்டுத்தான் சொல்றேன்."